அலமாரியில் உறங்கும் ஆராய்ச்சி

காளிகாட்டிலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதமே இம்மாதப் பகுதிக்குப் பொருளாக அமைந்துவிட்டது. அவருடைய புதல்வி எம்.ஏ. தேறி, டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்ய முற்பட்டிருக்கிறாள். எடுத்துக்கொண்ட பொருள் சங்க நூல்களைப் பற்றியது. இப்பொருளில் முன்னரே யார் யார் எழுதிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்து வரும்படி பேராசிரியர் சொல்லி அனுப்பிவிட்டாராம். "சென்னைக்கும் அண்ணாமலை நகருக்கும் மதுரைக்குமாக அலைய எங்களால் இயலுமா? காளி கோயில் தெருவில் குடியிருந்துகொண்டே தமிழ் ஆய்வேடுகளைக் காண வழி ஏதேனும் உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு என்பதே நம் மறுமொழி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், பெட்டி படுக்கையுடன் மெயிலில் ஏறுங்கள் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இன்று அந்த நிலை மாறிவிட்டது. ஆயினும் மாறியது எவ்வளவு, மாறாதது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு தேடப் புகுவதே நல்லது. இல்லாவிடில் அரை நாள் தேடிவிட்டு, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று கையை விரித்துவிட நேரும். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை ஒன்றுமே இல்லை என்று எண்ணிக்கொள்வதுதான் ஆராய்ச்சி மாணவர்க்கு நேரும் ஆபத்துகளிலெல்லாம் பெரிது. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளை மூன்றாண்டுக் காலம் முயன்று எழுதி முடிக்கும் தறுவாயில், அதே பொருளில், ஏறக்குறைய அதே முறையில், வேறொரு மாநிலத்தில் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருப்பது தெரிய வந்தது. பையன் தலைப்பை மாற்றிக்கொண்டான். போன மூன்றாண்டு போனதுதான். உதவிப் பணத்தின் தவணையும் அதற்குள் தீர்ந்துபோயிற்று. தகப்பனார் தம் சேமநிதியிலிருந்து எடுத்துக் கொடுத்து மேற்கொண்டு படிக்க வைத்தார். ஆகையால் இது ஏதோ படித்தவர்கள் பொழுதுபோக்குக்காகப் பேசும் விஷயம் அன்று. நடுத்தரக் குடும்பத்தின் பணமும் பிள்ளைகளின் இளமையும் இதில் அடங்கியிருக்கின்றன.

அச்சான நூலுக்கும் ஆய்வேட்டுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் சொல்லிவிடுவோம். நூல் என்பது பல நூறு பிரதிகளாக அச்சாகிக் கடைக்கு வருவது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் வெளியிட்டவர் தம் செலவில் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்திற்கு அனுப்பியாக வேண்டும். சென்னை கன்னிமாரா முதலிய வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அதனால்தான் நாகர்கோவிலில் அச்சான நாவலும் அலிப்பூருக்கு வந்து சேருகிறது. ஆய்வேட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அது வெளியிடப்பட்ட நூல் அன்று. டைப் அடித்து, கெட்டி அட்டை கட்டி, முதுகில் பொன்னெழுத்துப் பொறித்த நாலைந்து பிரதிகள், அவ்வளவே. பரீட்சகர்கள் கைக்குச் சில போகும். வழிகாட்டிய ஆசிரியரிடம் ஒன்று, எழுதியவர் வீட்டுப் பரணில் ஒன்று. பல்கலைக் கழக நூலகத்தில் ஒன்று பூட்டிய அலமாரிக்குள் போய்ச் சேரும். அதையும் வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள்; அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில ஏடுகள் பாக்கியம் செய்தவை. டாக்டர் மு. வரதராசனாரின் நாவல்களைப் படிக்காத தமிழ்க் குடும்பம் இந்நகரிலும் இராது. அவர் சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆராய்ந்து 1948-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆங்கில ஏடு 1957-இல் நூலாக வெளிவந்தது. நம் நேயரின் புதல்வி முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியவற்றுள் அது ஒன்று. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க. கைலாசபதி இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று எழுதிய ஆராய்ச்சி, பழந்தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய நூலாக 1968-இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. நம் கல்கத்தாவின் சுநீதி குமார் சட்டர்ஜி 1921-இல் லண்டனில் பட்டம் பெற்ற ஏடுதான் வங்க மொழியின் தோற்ற வளர்ச்சியைப் பற்றி 1926-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகமே அச்சிட்ட பெருநூலுக்கு அடிப்படை. இவை போன்றவற்றைக் கை விரல் விட்டு எண்ணலாம். எஞ்சியவை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை என்று சொன்னாலும் மிகையாகாது, எழுதியவரும் பரீட்சகரும் கரையானுமே கண்டவை.

அலமாரியில் பூட்டி வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அதற்கு நம் ஊரிலேயே நிகழ்ந்த வழக்கு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

கல்கத்தாப் பல்கலைக் கழகம் 1857 ஜனவரி 24-ஆம் தேதி சட்டத்தினால் நிறுவப்பெற்றது. பம்பாய் வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் 1866-இல் அதற்கு இரண்டு லட்ச ரூபாய் வழங்கினார். அந்த அறக்கட்டளையின் உதவித்தொகையைப் பெறுவது இந்நகரத்து அறிஞர்களிடையே மிகப் பெரிய கௌரவமாக இருந்துவந்தது. அதற்கு ஆராய்ச்சி ஏடு சமர்ப்பிக்க வேண்டும். ஜதுநாத் சின்ஹா என்ற இளைஞர் இந்திய தத்துவங்களில் காட்சி அறிவைப் பற்றிய கொள்கைகளை ஆராய்ந்து, 1922 முதல் பகுதி பகுதியாக அவ்வாறு ஏடுகளைச் சமர்ப்பித்தார். அவற்றைப் பார்வையிட்டவர்களுள் ஒருவர் அப்போது அங்கே ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அமைந்த தத்துவப் பேராசிரியர் பதவியில் இருந்தவர். திருத்தணியில் பிறந்து பின்னாளில் இந்நாட்டின் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவருடைய இந்திய தத்துவ நூலின் இரண்டாம் பாகம் 1927-இல் வெளியாயிற்று. 1929-இல் சின்ஹா, ராமானந்த சட்டர்ஜியின் 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில், தம் ஏட்டின் பகுதிகள் அந்நூலில் காணப்படுகின்றன என்று எழுதினார். இருவரும் ஒரே வடமொழி மூலங்களைக் கையாண்டதால் சொற்கள் ஒத்திருப்பது இயல்பே என்பது மறுதரப்பின் விடை. விஷயம் கல்கத்தா ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. சின்ஹா நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். ராதாகிருஷ்ணன் அவர்மீதும் பத்திரிகாசிரியர்மீதும் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1933-இல் இரு தரப்பாரும் சமரசம் செய்துகொண்டார்கள். எவர் பக்கம் உண்மை என்று தீர்ப்பு ஏதும் இல்லை. நீதிமன்றம் சொல்லாததை நாம் சொல்ல முன்வரவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டுவது வேறு. சின்ஹாவின் ஆராய்ச்சி லண்டனில் நூலாக அச்சானது 1934-இல். அதாவது சர்ச்சை நடந்த காலமெல்லாம், குற்றம் சாட்டியவரின் ஏட்டைப் பொதுமக்களில் எவரும் பார்த்ததில்லை. பத்திரிகையில் எடுத்துப் போட்ட துண்டுகளைக் கொண்டு ஊரெல்லாம் கட்சி பிரிந்து பேசிற்று. ஏடு அனைவரும் பார்க்கக்கூடிய இடத்தில் தேதியிட்டு இருந்திருக்குமானால், கல்லூரித் தெரு மாணவர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பிற்பகலில் ஒப்பிட்டு முடித்திருப்பார்கள். அப்போது எளியவர் பக்கம் நியாயம் இருப்பின் அது அவருக்குக் கிட்டியிருக்கும். பெரியவர் பக்கம் நியாயம் இருப்பின் அவர்மேல் படிந்த நிழலும் அன்றே விலகியிருக்கும். பூட்டிய அலமாரியால் இருவருக்குமே நன்மை விளையவில்லை.

இந்நிலையை மாற்றிய விதி 2009-இல் வந்தது. டாக்டர் பட்டத்திற்கான ஏடுகளைக் காகிதத்தோடு மின்வடிவிலும் கொடுக்க வேண்டும் என்றும், அந்த வடிவத்தை அனைவரும் காணுமாறு வைக்க வேண்டும் என்றும் பல்கலைக் கழக மானியக் குழு அவ்வாண்டு விதித்தது. பின்னர் 2016-லும் 2022-லும் விதிகள் புதுப்பிக்கப்பட்டபோதும் இக்கடமை நீடித்தது. அந்த ஏடுகளைச் சேர்த்து வைக்கக் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் என்னும் மத்திய நிலையம் அமைத்த களஞ்சியத்தின் பெயர் ஷோத்கங்கா. ஷோத் என்றால் வடநாட்டு மொழியில் ஆராய்ச்சி. இன்னும் ஏடாக முடியாமல், பதிவு செய்த நிலையிலுள்ள ஆராய்ச்சித் திட்டங்களுக்குத் தனியாக ஷோத்கங்கோத்ரி என்று ஒன்று இருக்கிறது. கங்கை உற்பத்தியாகும் இடத்தின் பெயரை அதற்குப் பொருத்தமாகவே இட்டிருக்கிறார்கள். ஆதிகங்கைக் கரையில் குடியிருக்கும் நம் காளிகாட் நேயருக்கு இந்தக் கங்கை இன்னும் பரிச்சயமாகவில்லை போலும்! பழைய ஆதிகங்கை சேறும் சகதியுமாகக் குறுகிப்போனது போலன்றி, இது நாளுக்கு நாள் பெருகி, ஐந்து இலட்சம் ஏடுகளைக் கடந்துவிட்டது. கல்கத்தாவும் சென்னையும் தத்தம் பங்கிற்குப் பல்லாயிரம் ஏடுகளை அதில் சேர்த்திருக்கின்றன. புதியவை மட்டுமல்ல, பழைய டைப் பிரதிகளையும் பல பல்கலைக் கழகங்கள் ஒளிப்பட முறையில் எடுத்துச் சேர்த்துள்ளன. எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இனித் தேடும் முறை. பல்கலைக் கழகத்தின் பெயரைப் பிடித்து, அதற்குள் தமிழ்த் துறையைப் பிடித்து இறங்குவது ஒரு வழி. எழுதியவர் பெயர், வழிகாட்டியவர் பெயர், தலைப்பிலுள்ள சொல் ஆகியவற்றைக் கொண்டு தேடுவது மற்றொரு வழி. தமிழ் மாணவர்க்கு நாம் முதல் வழியையே சிபாரிசு செய்வோம். காரணம், நம் மொழிப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் அலங்கோலம்! சிலப்பதிகாரம் என்னும் ஒரே பெயரை ஒருவர் எஸ் என்ற எழுத்தில் தொடங்குவார். மற்றொருவர் ஆராய்ச்சி முறைப்படி ஸி என்ற எழுத்தில் தொடங்குவார். இன்னொருவருக்கு அது ஸி-எச். இடையில் வரும் தகரத்துக்குச் சிலர் டி மட்டும் போடுவர். சிலர் எச்சும் சேர்ப்பர். தொல்காப்பியத்தில் பகரம் ஒற்றையா இரட்டையா என்பது அவரவர் சித்தம். ழகரத்தின் கதையைக் கேட்கவே வேண்டாம். கணினி நம் தமிழ்ப் புலவர்களைப் போல் குறிப்பறிந்து பொருள் கொள்ளாது. எழுத்து ஒன்று மாறினாலும் இல்லை என்று சொல்லிவிடும். ஆகையால் ஒரு பெயரை ஐந்தாறு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்திலும் தனியே தேட வேண்டும். ஏனெனில் சில ஏடுகளின் தலைப்பைத் தமிழிலேயே பதிந்திருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. யூனிகோடு என்னும் பொது எழுத்துமுறை பரவுவதற்கு முன்னர், பாமினி முதலான பலவகை எழுத்துருக்களில் தமிழ் ஏடுகளைத் தட்டினார்கள். திரையில் அவை அழகான தமிழாகத் தோன்றும். உள்ளே கணினி காண்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பை. ஒளிப்படமாக எடுத்தவையோ கணினிக்கு வெறும் படமே. எனவே ஏட்டுக்குள் இருக்கும் சொல்லைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையைத் தமிழ் ஏடுகளின் விஷயத்தில் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். துறையின் பட்டியலைப் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதே கதி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலைகள் போதும். தகப்பனாரும் கூட உட்காரலாம். ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ப் பெயரை ஊகிக்கும் திறமை நம் தலைமுறைக்குச் சற்று அதிகம், ரயில்வே ஸ்டேஷன் பலகைகளைப் படித்துப் பழகியவர்கள் ஆயிற்றே!

ஓர் ஏடு கிட்டியதும் அதை முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. அங்கே ஏட்டை முகப்பு, உறுதிமொழி, பொருளடக்கம், அத்தியாயங்கள், துணைநூற் பட்டியல் என்று தனித்தனிக் கோப்புகளாக வைத்திருப்பது வழக்கம். கடைசிக் கோப்பை முதலில் திறக்க வேண்டும். துணைநூற் பட்டியலின் இறுதியில் 'அச்சிடப்படாத ஆய்வேடுகள்' என்று ஒரு பகுதி இருக்கும். அதுதான் பொக்கிஷம். அங்கே பத்துப் பெயர் கிடைக்கும். அவற்றில் நான்கு களஞ்சியத்தில் இருக்கும். அந்த நான்கின் கடைசிப் பக்கங்களில் இன்னும் முப்பது பெயர் கிடைக்கும். களஞ்சியத்திற்கு வராத பழைய ஏடுகள் எங்கே உள்ளன என்பதும் அவ்வழியாகத்தான் தெரியவரும்.

அப்படித் தெரியவந்த பழைய ஏடு சென்னையிலோ சிதம்பரத்திலோ அலமாரிக்குள் இருந்தால் என்ன செய்வது? ஒருவருக்குக் கடிதம் எழுதுவதே சுலபமான வழி; எவருக்கு என்றால், அதை எழுதியவருக்கே! இது ஏனோ நம் பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. பெரும்பாலானோர் ஏதேனும் கல்லூரியில் ஆசிரியராக இருப்பார்கள், அல்லது ஓய்வு பெற்றிருப்பார்கள். தம் ஏட்டைப் படிக்க விரும்பும் ஒருவர் கல்கத்தாவில் இருக்கிறார் என்று அறிந்தால் அவர்கள் அடையும் மகிழ்ச்சிக்கு அளவிராது. அவர் காலமாகியிருந்தாலோ, விலாசம் தெரியாவிட்டாலோ, வழிகாட்டும் பேராசிரியரிடம் கையொப்பம் பெற்று, அந்தப் பல்கலைக் கழக நூலகருக்கு எழுத வேண்டும். முழு ஏட்டையும் கேட்காமல் இன்ன அத்தியாயம், இன்ன பக்கங்கள் என்று குறித்துக் கேட்டால் காரியம் விரைவில் கைகூடும். நூலகங்களுக்குள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அதை மாணவர் கேட்டால்தான் செய்வார்கள்.

வெளிநாட்டு ஏடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க ஏடுகளை 1938 முதல் நுண்படச் சுருளில் எடுத்துவந்த நிறுவனம் இன்று புரோக்வெஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது. அதைப் பார்க்கப் பெரும்பாலும் நூலகத்தின் சந்தா வேண்டும். பிரிட்டிஷ் நூலகம் நடத்திவந்த ஆய்வேட்டுச் சேவை 2023 அக்டோபரில் நேர்ந்த கணினித் தாக்குதலால் நின்றுபோயிற்று. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அக்கதி! ஒரே பிரதி, ஒரே இடம் என்பது காகிதத்துக்கு மட்டுமன்றிக் கணினிக்கும் ஆபத்தே. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் ஏடுகளும் சுவடிகளும் சாம்பலானதை அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, நம் நேயர் மறந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். ஷோத்கங்காவில் இருப்பது ஏடு மட்டுமே. ஏட்டுக்கு ஆதாரமான பழம் பதிப்புகள் வேண்டுமே! அவற்றுக்காகவும் சென்னை போக வேண்டியதில்லை. காளிகாட்டிலிருந்து ஆதிகங்கையைக் கடந்தால் அலிப்பூர். அங்கே பெல்வடேர் வளாகத்தில், 1953 பிப்ரவரி முதல் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற தேசிய நூலகம். அதன் தமிழ்ப் பிரிவில் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் தனித் தொகுதியாக இருக்கின்றன. ஏறத்தாழ மூவாயிரம் நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும். சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ் லெக்ஸிகனின் பதிப்பாசிரியராக இருந்து அப்பேரகராதியை முடித்தவர் அவர். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அப்பெரியாரின் புத்தக அலமாரி, காளி கோயிலிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருப்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? மிருகக்காட்சி சாலைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகும்போது அதன் வாசலைத் தாண்டித்தானே போகிறோம்! சங்க நூல் ஆராயும் பெண்ணுக்கு அங்கே கிடைப்பது சென்னையிலேயே சிலருக்குக் கிடைக்காது.

அதே வளாகத்தில் ஸர் ஆசுதோஷ் முகர்ஜியின் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் உள்ளன; அவருடைய குடும்பத்தார் 1949-இல் அவற்றை நாட்டுக்கு அளித்தனர். பவானிபூரில் அவர் பெயரால் அமைந்த சாலையில்தான் நாம் தினமும் பஸ்ஸில் போய்வருகிறோம். இந்தியப் பல்கலைக் கழகங்களில் ஆராய்ச்சிக்கு வேரூன்றியவர்களுள் அவர் தலையாயவர். சுதேச மொழிகளில் எம்.ஏ. வகுப்பு ஏற்படுத்தியவரும் அவரே. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த ஸி. வி. ராமனை 1917-இல் பாலித் பேராசிரியராகப் பல்கலைக் கழகத்துக்கு இழுத்து வந்தவரும் அவரே. ஒன்று சொல்லலாம்: ராமன் டாக்டர் பட்டத்துக்காக ஏடு எழுதிப் பரீட்சை கொடுத்தவர் அல்லர். ஆராய்ச்சியை உடனுக்குடன் சஞ்சிகைகளில் அச்சிட்டு உலகத்தாரின் கையில் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். 1928-இல் கண்டதற்கு 1930-இல் நோபல் பரிசு வந்ததென்றால், அதை உலகம் உடனே படிக்க முடிந்ததும் ஒரு காரணம் அல்லவா?

பகிர்ந்துகொள்வதில் சில மரியாதைகள் உண்டு. ஷோத்கங்காவிலுள்ள ஏடுகள், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு, இலாப நோக்கமின்றி எவரும் பயன்படுத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் இசைவளிக்கும் உரிமத்தின் கீழ் உள்ளன. ஆகவே சிநேகிதிக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அனுப்பும்போது முகப்புப் பக்கத்தை வெட்டிவிட்டு நடு அத்தியாயத்தை மட்டும் அனுப்பும் பழக்கம் பரவிவருகிறது. யார் எழுதியது, எந்தப் பல்கலைக் கழகம், எந்த ஆண்டு என்று எதுவும் தெரியாமல் கை மாறிக் கை மாறி, ஐந்தாம் பேரிடம் அது அநாதைப் பிள்ளையாகப் போய்ச் சேருகிறது; ஆறாமவர் அதைத் தம் பிள்ளை என்கிறார். 2018-ஆம் ஆண்டு மானியக் குழு விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டால் குற்றமாகும். அறுபதுக்கு மேற்பட்டால் பதிவே ரத்தாகும். ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளையும் பல்கலைக் கழகங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன தமிழ் எழுத்துருக் குழப்பத்தால் தமிழ் ஏடுகளில் திருட்டு அதன் கண்ணில் படாமலும் போகலாம். பணம் வாங்கிக்கொண்டு ஏடு எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரும் இதை நம்பித்தான் கடை வைத்திருக்கிறார்கள். பெற்றோர் சிலர் அவர்களிடம் பேரம் பேசப் போகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறோம். அந்தப் பட்டத்தைச் சுவரில் மாட்டலாம். அந்தப் பெண்ணோ பிள்ளையோ அதன் கீழ் நிமிர்ந்து உட்கார முடியுமா?

தம் ஏடு பொதுவில் வைக்கப்பட்டால் பின்னர் நூலாக வெளியிட எவரும் முன்வரமாட்டார்களோ என்ற பயம் இளைஞர்களுக்கு இருக்கிறது. நியாயமான பயந்தான். சில காலத்துக்கு வெளியிடாமல் நிறுத்தி வைக்குமாறு வேண்டிக்கொள்ளச் சில இடங்களில் வழி உண்டு. சமர்ப்பிக்கும்போதே அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும், பின்னால் கேட்டுப் பயனில்லை. ஆனால் அனைவரும் பார்க்கக்கூடிய இடத்தில் தேதியோடு இருப்பதே எழுதியவருக்குச் சிறந்த பாதுகாப்பு என்பது நம் அபிப்பிராயம். சின்ஹாவுக்கு அது வாய்க்கவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம். இந்நகரில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழும் நம்மவர்களில் விஞ்ஞானத்திலும் பொருளாதாரத்திலும் இங்கேயே டாக்டர் பட்டம் பெற்றவர்கள் உண்டு. அவர்களுடைய சொந்தப் பிரதி இன்று டிரங்குப் பெட்டியில் கிடக்கும். கல்கத்தாவின் ஆடி ஆவணி ஈரத்துக்குக் கார்பன் பிரதி எத்தனை நாள் தாங்கும்? அதைப் பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போடுமுன், ஷோத்கங்காவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பட்டமளித்த பல்கலைக் கழகத்தின் நூலகருக்கு எழுதிக் கேளுங்கள். நூலகப் பிரதியே சிதைந்திருந்தால் உங்கள் பிரதி அவர்களுக்குப் பேருதவியாகும். எழுதியவர் காலமாகியிருந்தால், அவர் மறைந்து அறுபது ஆண்டு வரை பதிப்புரிமை வாரிசுகளுடையது. ஆகவே, பொதுமக்கள் படிக்குமாறு வைப்பதற்கு இசைவு தெரிவித்து ஒரு கடிதமும் உடன் கொடுப்பது நலம். அதில் எழுதியவர் முழுப்பெயர், ஏட்டின் தலைப்பு, பட்டம் பெற்ற ஆண்டு, வழிகாட்டியவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரும் கையொப்பமிடுவது பின்னால் மனத்தாங்கலைத் தவிர்க்கும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் இறங்கினால் கல்லூரித் தெரு நடக்கும் தூரந்தான். பிரதியைச் சுமந்துகொண்டு போகுமுன் நூலகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். துர்க்கா பூஜை விடுமுறையில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.